ஒத்திகைச் சாட்சி

சாட்சி நாற்காலியில் உட்கார்ந்த சற்று நேரத்தில், மேசைக்கடியில் தொங்கிய அவளுடைய இடது கைக்குள் ஒரு சின்னக் கை வந்து நுழைந்தது. மகள்தான் அலுப்புத் தாங்காமல் உள்ளே வந்துவிட்டாள் என்று எண்ணி, குனியாமலே மெல்ல அழுத்திக் கொடுத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், வரவேற்பறை சோபாவில், பள்ளி விடுமுறை என்று அவள் கூட்டி வந்திருந்த மகள் கால்களை ஆட்டியபடி படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மேசைக்கடியில் பார்த்தாள். யாரும் இல்லை. பிடி மட்டும் விடவில்லை.

அந்த வக்கீல் அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கம். குறுக்கு விசாரணைக்கு முந்தின நாள், எதிர்த்தரப்புச் சாட்சியின் இடத்தில் செக்ரட்டரியான அவளை உட்கார வைத்து சீனியர் ஒத்திகை பார்ப்பார். எல்லா வாக்குமூலங்களையும் அவள்தான் தட்டச்சு செய்கிறாள்; சாட்சி எங்கே தடுமாறுவார் என்று அவளுக்குத் தெரியும். நாளைய சாட்சி ஒரு தாய். லிஃப்ட் வராமலே கதவு திறந்து, அந்தத் தாயின் குழந்தை பள்ளத்தில் விழுந்து செத்தது. லிஃப்டைப் பராமரித்த கம்பெனி இவர்களுடைய கட்சிக்காரர்.

"போன தடவை விதவையா என்னமா அழுதீங்கக்கா. இந்தத் தடவை ஏமாத்திடாதீங்க" என்று சிரித்தான் ஜூனியர்.

சீனியர் சிரிக்கவில்லை. கதவு திறந்தபோது குழந்தையின் கை எங்கே இருந்தது என்று கேட்டார். பிடித்திருந்தேன் என்றாள். மறு கையில் பை இருந்ததா, கனத்ததா, கை மாற்றத் தோன்றியதா என்று, ஏசியின் முனகலுக்கு மேல் ஏறாத இறங்காத குரலில், மரங்கொத்தி மாதிரி ஒரே இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் சின்ன விரல்கள் இறுகின. வேர்வையில் ஊறிய விரல்கள். எங்கிருந்தோ கிரீஸ் நாற்றம் எழுந்து தொண்டையில் ஒட்டியது.

பாப்பாவுக்குப் பசிக்கும், கிளம்பட்டுமா என்று கேட்டாள்.

"நீ எதுல உடையிறேன்னு தெரிஞ்சாத்தானேம்மா நாளைக்கு அவளை உடைக்க முடியும்? சொல்லிட்டுப் போ. கையை விட்டது யாரு?"

மகளோடு வீடு போய்ச் சேர்ந்தால் போதும். வெறும் ஒத்திகைதானே. விரல்கள் அவள் கையை உலுக்கின, வேண்டாம் என்பதுபோல்.

"நான்தான் விட்டேன்."

ஜூனியர் கை தட்டினான்.

பிடி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக. கை காலியானது. அப்பாடா என்றிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் மகள் சோபாவிலிருந்து இறங்கினாள். ஒரு கை பக்கவாட்டில் நீண்டிருந்தது, தன் உயரத்துப் பிள்ளை ஒன்று பிடித்து இழுப்பதுபோல. சிரித்துக்கொண்டே நடந்தாள்.

வரவேற்பறைக் கூடத்தின் கோடியில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே விளக்கில்லை. தளமில்லை. தொங்கும் கம்பிவடங்கள்.

அவள் எழுந்தாள். அலறினாள்.

"பிரமாதம்" என்றார் சீனியர், கண்ணாடித் தடுப்புக்கு முதுகைக் காட்டியபடி. "நாளைக்கு இப்படித்தான் எழுந்து ஓடப் பார்ப்பா. தம்பி, அவளை உட்கார வை."

ஜூனியர் சிரித்தபடி குறுக்கே வந்து அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினான்.

"பாப்பா. என் பாப்பா."

"அதேதான்கா. அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க."

லிஃப்ட் வாசலில் மகள் நின்றாள். திரும்பினாள். ஒரு காலை உள்ளே நீட்டியபடி, யாரும் பிடித்திராத மறு கையால், அம்மாவுக்கு டாட்டா காட்டினாள்.