பதிவேட்டில் ஒரு ‘ம’

ஊசியம்மா உட்காரச் சொன்னதும், அந்த லாஞ்சு கேப்டன் ஸ்கேலை முழுங்கியவர் போல விறைப்பாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மடியிலிருந்து தொப்பி நழுவித் தரையில் விழுந்தது. அதைப் பார்த்தாரே தவிர எடுக்கவில்லை. ஊசியம்மாவின் கொழுந்தனார்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

படகுகளின் திசைகாட்டிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருவது ஊசியம்மாவின் தொழில். அந்தப் பெயர் துறைமுகம் வைத்தது. கொழுந்தனாருக்கும் துறைமுகம் ஒரு பெயர் வைத்திருந்தது: சந்தேகம். படகுத்துறையில் டிக்கெட் கிழித்த காலத்தில் சொந்த மாமனாரிடமே இரண்டு முறை டிக்கெட் கேட்ட மனிதர்.

“திசைகாட்டி சரியா இருக்குன்னு ஒரு காகிதம் குடுத்தா போதும்மா,” என்றார் கேப்டன். “போன செவ்வாய்க்கிழமை காலையில பனிமூட்டம். லாஞ்சு மணல்திட்டுல ஏறிடுச்சு. உள்ளே அறுபது பேர். நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. சுக்கான் பிடிச்சவன் தூங்கியிருக்கான், கேட்டா ஊசி மேல பழி போடுறான். நாளைக்கு விசாரணை. அவன் உரிமம் போயிடும். போகட்டும்.”

“யாரு சுக்கானி?”

கேப்டனின் குரல் இறங்கியது. “என் தங்கச்சி வீட்டுக்காரர்தான்.”

“தங்கச்சி என்ன சொல்றாங்க?”

“என்கிட்ட பேசியே ஆறு நாளாச்சு.”

அவர் பதிவேட்டை மேஜைமேல் விரித்து, அதன்மேல் சாய்ந்து விரலால் காட்டினார். கால் மணிக்கு ஒரு முறை திசைகாட்டி காட்டிய எண்; கடந்துபோன மிதவை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்ற கணக்கு. எல்லாம் சுக்கானியின் கையெழுத்து. சில வரிகளின் ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு ‘ம’.

“மயக்கம்!” என்றார் கேப்டன். “அவனே எழுதி வச்சிருக்கான். இந்த மாசம் எங்கெல்லாம் ‘ம’ இருக்கோ, அங்கெல்லாம் லாஞ்சு வலது பக்கம் ஒதுங்கியிருக்கு.”

“மது!” என்று சந்தேகம் துள்ளினார். “மதுவேதான் அண்ணி!”

ஊசியம்மா மேஜையோரத்தில் இருந்த பழைய திசைகாட்டியைத் தூக்கி எதிர்ச்சுவர் அலமாரியில் வைத்தார். பிறகு பதிவேட்டின் முந்தைய மாதப் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டினார். “மத்தியானம் லாஞ்சுக்கு வரேன். சுக்கானியையும் வரச் சொல்லுங்க,” என்றார்.

கேப்டன் போனதும் சந்தேகம் சிரித்தார். “பார்த்தீங்களா அண்ணி? மனுஷன் சட்டையில பட்டனுக்குப் பதிலா குண்டூசி. இடுப்புக்கிட்ட பளபளன்னு இருந்துச்சு.”

“வரும்போது இருந்துச்சா, போகும்போதா?”

சந்தேகம் யோசித்தார். மேஜைமேல் இருந்த குண்டூசித் தட்டைப் பார்த்தார். அவருக்கு எதுவும் பிடிபடவில்லை.

லாஞ்சு வடக்கு நோக்கிக் கட்டப்பட்டிருந்தது. சுக்கான் அறையில் நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். சுக்கானி நாற்பது வயதுக்காரர். கண்ணில் தூக்கம் இல்லாத ஆறு நாளும் தெரிந்தது. சந்தேகம் அவருடைய சட்டைப் பையைத் தடவி ஒரு சீப்பையும் பஸ் டிக்கெட்டையும் கைப்பற்றினார்.

ஊசியம்மா எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு, தூரத்துக் கலங்கரை விளக்கத்தைக் குறிவைத்துச் சோதித்தார். “திசைகாட்டியில ஒரு குறையும் இல்ல,” என்றார்.

கேப்டன் பெருமூச்சு விட்டார். சுக்கானி தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப ரெண்டு பேரும் மேல வாங்க. பனிமூட்டத்துல எப்படி நிப்பீங்களோ, அப்படியே நில்லுங்க.”

சுக்கானி சக்கரத்தைப் பிடித்தார். கேப்டன் வழக்கம்போல வலது பக்கம் வந்து திசைகாட்டியை எட்டிப் பார்த்தார். ஊசி தயங்கியது. பிறகு வலப்பக்கம் திரும்பி, பன்னிரண்டு டிகிரி தள்ளி நின்றது.

“ரெண்டடி பின்னால போங்க கேப்டன்.”

போனார். ஊசி வடக்குக்குத் திரும்பியது. வந்தார். மறுபடி விலகியது.

“பூமியே ஒரு பெரிய காந்தம் தம்பி,” என்று ஊசியம்மா வாசலில் எட்டிப் பார்த்த கொழுந்தனாரிடம் சொன்னார். “அதனாலதான் ஊசி வடக்கைக் காட்டுது. ஆனா அந்த இழுப்பு ரொம்ப மெல்லிசு. சின்னக் காந்தம் ஒண்ணு ஒரு சாண் பக்கத்துல வந்தா, ஊசி அது பேச்சைத்தான் கேக்கும். துணி, தோல் எதுவும் அதைத் தடுக்காது. தள்ளிப் போனா பலம் சட்டுனு கரைஞ்சிடும். ஊசியோட வடமுனையை இழுக்கற தென்முனை கேப்டன் பக்கத்துல இருக்கு. திசைகாட்டி காட்டின எண்ணை சுக்கானி சரியாத்தான் பிடிச்சார். எண்ணு தப்பு. ஊசி வலது பக்கம் போக, படகும் பின்னாலேயே போச்சு.”

“அப்போ அந்தக் குண்டூசி?”

“அவர் குத்திக்கல. அதுவா ஒட்டிக்கிச்சு. அவர் மேஜையில சாய்ஞ்சப்பவே பழைய திசைகாட்டி திரும்பிடுச்சு. தள்ளி வச்சதும் சரியாயிடுச்சு. தொப்பி விழுந்தும் அவர் குனியல. இடுப்புல என்ன கேப்டன்?”

கேப்டனின் முகம் வெளுத்தது. சட்டையை உயர்த்தி ஒரு பட்டையை அவிழ்த்தார். உள்ளே எட்டுக் காந்த வில்லைகள் தைத்திருந்தன.

“இடுப்பு வலி. இந்த மாசம்தான் வாங்கினேன். உடல் தகுதிச் சோதனை வருது. தெரிஞ்சா கரையில உக்கார வச்சிடுவாங்கன்னு யாருக்கும் சொல்லல.”

“வலி குறைஞ்சுதா?”

“இல்ல.”

சந்தேகத்துக்கே சிரிப்பு வரவில்லை. “அப்போ அந்த ‘ம’?” என்று தயக்கத்துடன் கேட்டார்.

“முந்தின மாசங்கள்லயும் ‘ம’ இருக்கு. அப்பல்லாம் படகு நேராத்தான் போயிருக்கு. அதனால மயக்கமும் இல்ல, உங்க மதுவும் இல்ல,” என்ற ஊசியம்மா சுக்கானி பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க.”

சுக்கானி திசைகாட்டியைப் பார்த்தபடியே சொன்னார். “சுக்கான் அறைக்கு யார் வந்தாலும் குறிக்கணும்னு விதி. மச்சான் வந்தார்னு குறிச்சேன். லாஞ்சுல மச்சான்னு கூப்பிடக் கூடாது, கேப்டன்னுதான் சொல்லணும்னு உத்தரவு. வாய் கேட்டுச்சு. எழுதறப்ப கை கேக்கல.”

கேப்டனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, ‘ஊசி ஆடுது கேப்டன்’ என்று சுக்கானி சொல்லத்தான் செய்தார். ‘உன் வேலையைப் பாரு’ என்று அறுபது பேர் காதுபட தான் அதட்டியது கேப்டனுக்கு இப்போது கேட்டது. அன்று மாலை தங்கை வீட்டுக் கூடத்தில், பிள்ளைகள் முன்னால், ‘உன் புருஷன் தூங்குமூஞ்சி’ என்று கத்தியதும் கேட்டது. வெட்கத்தில் காது மடல் வரை எரிந்தது. தன் வலியை மறைக்க, பதிவேட்டில் எழுதும்போதுகூட உறவை விட்டுக்கொடுக்காத மனிதரின் பிழைப்பையே பிடுங்கப் பார்த்திருந்தார்.

“என் காகிதம் உங்களுக்குத் தேவைப்படாது,” என்றார் ஊசியம்மா. “நீங்களே எழுதணும்.”

கேப்டன் நின்றபடியே எழுதினார்: பட்டை, வலி, மறைத்தது, அதட்டியது. கையெழுத்துப் போட்டு, காகிதத்தை இரண்டு கையாலும் சுக்கானியிடம் நீட்டினார்.

“மாப்ளே... தங்கச்சிகிட்ட நானே வந்து சொல்றேன். இனிமே லாஞ்சுலயும் மச்சான்னே கூப்பிடுங்க.”

சுக்கானி அதை நிதானமாகப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில், சீப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“சரிங்க கேப்டன்,” என்றார்.