பச்சையில் எடுத்த முடிவு

காலைப் பேருந்து பாலத்துக்கு அருகே நின்றுவிட்டது. வண்டியில் பழுது ஒன்றுமில்லை. சன்னலோர இருக்கைக்காக இரண்டு பேர் வாய்த்தகராறு செய்ய, பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிய, ஏழெட்டுப் பேரின் மணிக்கட்டில் இருந்த துடிப்புக்காப்பு மஞ்சளாகிவிட்டது.

நடத்துநர் விசிலடித்தார். "இறங்குங்க, இறங்குங்க. மஞ்சள் வந்துருச்சு. தள்ளித் தள்ளி நின்னு ஆளுக்கொரு திசையைப் பாருங்க."

எல்லோரும் முணுமுணுத்தபடி இறங்கி, சாலையோரம் இடைவெளி விட்டு நின்றார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்தார், இன்னொருவர் வாய்க்காலை. சற்று நேரத்தில் காப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. சண்டை போட்ட இருவரும் அசடு வழியச் சிரித்துக்கொண்டு ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அதே பேருந்தில் வந்த மாதங்கிக்கு மனம் நிறைந்தது. அவள் வெண்மேடு நகரின் துடிப்பு ஆய்வாளர். காப்புகளைச் சோதித்துச் சான்று தருவது அவள் வேலை.

அவளுடைய பெற்றோர் காலத்தில் ஊர்கள் எரிந்திருக்கின்றன. சாதிக்காக, மொழிக்காக, தண்ணீருக்காக, சில சமயம் எதற்கென்றே தெரியாமல். மனிதர்கள் வெறிகொண்ட கூட்டமாக மாறும்போது அவர்களுடைய நாடியும் மூச்சும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அதற்குக் கூட்டுத்துடிப்பு என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தாளம் தொடங்கும்போதே காட்டிக்கொடுக்கும் காப்பு, குழந்தை நடக்கத் தொடங்கியதும் கையில் ஏறிவிடும். மஞ்சளானால் விலகி நிற்க வேண்டும். சிவப்பானால் காவல்துறை வரும், அங்கிருந்த அத்தனை பேரும் சிகிச்சை முகாமுக்குப் போக வேண்டும். ஒரு தலைமுறையாக யாரும் யார் மீதும் கல்லெறியவில்லை. தெருக்கும்பல்களின் வெட்டுக்குத்தையும் இனப்படுகொலைகளையும் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில், பெரியம்மை நோயைப் படிப்பதுபோல் படித்தார்கள். 'பச்சையில் எடுத்த முடிவு பழுதாகாது' என்று ஒரு புதுப் பழமொழியே உண்டாகியிருந்தது.

மிஞ்சியிருந்த பகை வெயில் ஒன்றுதான். சித்திரை பிறந்தால் தினமும் நண்பகலில் நகர்மன்றக் கோபுரத்தில் உச்சிச் சங்கு ஊதும். அதற்குப் பிறகு மாலைவரை வெளியே இருப்பவர் பிழைப்பது அரிது. வீட்டுக்குள் இருப்பவரையும் காப்பாற்றுவது சுவரல்ல, வாசலில் இறுக்கமாகப் பொருந்தி அனலை உள்ளே விடாமல் தடுக்கும் வெப்பக் கதவு.

அந்தச் சித்திரையில்தான் பிள்ளைகளுக்கு வாந்தியும் காய்ச்சலும் வந்தன. மாதங்கியின் மகள் ஆதிரையும் படுத்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி கிழக்குத் தெருவில் இருந்தது. கிழக்குத் தெருவில் இருந்தவர்கள், கடல் ஏறி மூழ்கிப்போன கீழ்க்கரை ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை.

மேலத் தெருக்காரர்கள் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நகர்மன்றத் தலைவர் சதாசிவம் ஓய்வுபெற்ற மருத்துவர். அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. "முதல்ல எல்லாரும் கண்ணை மூடி மூச்சை நிதானமா விடுங்க" என்றுதான் தொடங்கினார். கூடம் முழுக்க ஒரே அமைதி.

"கிழக்குத் தெருக்காரங்க மேல நமக்கு ஒரு கோவமும் கிடையாது" என்றார் சதாசிவம். "ஆனா பிள்ளைங்க உயிர் முக்கியம். அவங்க போய்த் தங்க மாவட்ட முகாம்ல இடம் இருக்காம். காலையில லாரி வரச் சொல்லியிருக்கேன். நாம போயி, அவங்களுக்கு நகர்மன்றம் கொடுத்த வெப்பக் கதவுகளை மட்டும் கழட்டிட்டு வந்துருவோம். கதவு இல்லைன்னா தானா கிளம்பிருவாங்க. யாரையும் கை நீட்டித் தொட வேண்டாம், ஒரு சொல் தப்பாப் பேச வேண்டாம்."

பிறகு மாதங்கியைப் பார்த்தார். "நீங்க பார்த்துச் சொல்லுங்கம்மா. பச்சைதானே?"

மாதங்கி காப்புகளின் துடிப்பைக் காட்டும் தன் அளவியை உயர்த்திக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு காப்புகூட மஞ்சளின் பக்கம் போகவில்லை. கதவைக் கழற்றுவது பற்றி அவளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் அவளிடம் கேட்கப்பட்டது அதுவல்ல.

"எல்லாம் பச்சை" என்றாள்.

மறுநாள் காலை கிழக்குத் தெருவுக்கு வரிசையாகப் போனார்கள். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப்போல் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள். மாதங்கியின் கணவன் நல்லசிவம் மின்பணியாளன், கையில் திருப்புளி வைத்திருந்தான். அவன் கழற்றிய முதல் கதவு தையல்நாயகியின் வீட்டுக் கதவு. தையல்நாயகி பள்ளியில் கணக்கு ஆசிரியை. மாலை நேரங்களில் ஆதிரை அவள் வீட்டில்தான் கணக்குப் போடுவாள்.

தையல்நாயகி தடுக்கவில்லை. சட்டம் அவளுக்கும் தெரியும். குரலை உயர்த்தினால் தன் காப்புதான் முதலில் மஞ்சளாகும். நல்லசிவம் கழற்றிய திருகாணிகளை மாதங்கி உள்ளங்கையில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பத்திரமா வச்சுக்குங்க" என்றாள் தையல்நாயகி. "ஆணி ரொம்பச் சின்னது, கீழ விழுந்தா கிடைக்காது. திரும்ப மாட்டறப்ப தேடணும்."

மாதங்கி தலையாட்டினாள். "ஆதிரைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று தையல்நாயகி கேட்டதற்கு, "பரவாயில்ல" என்று பதிலும் சொன்னாள்.

கதவுகளைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். சிலர் கிழக்குத் தெருப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்தார்கள். லாரி வரவில்லை. வெயில் ஏறியது. மாதங்கி தன் வீட்டுச் சன்னலருகே நின்றாள். கிழக்குத் தெருக்காரர்கள் மூட்டை முடிச்சுகளோடு சாலையையே பார்த்தபடி நிற்பது அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது.

"இன்னும் லாரி வரலங்க" என்றாள்.

"தலைவர் பார்த்துப்பாரு" என்றான் நல்லசிவம். "நீ உள்ள வா, அனலடிக்குது."

சங்கு ஊதியது. மேலத் தெருக்களில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மூட்டைகளைப் போட்டுவிட்டுக் கிழக்குத் தெருக்காரர்கள் வாசல் திறந்து கிடந்த வீடுகளுக்குள் ஓடினார்கள். தையல்நாயகியின் கணவன் முருகையன் மட்டும் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, லாரியைத் தேடிச் சாலைப் பக்கம் நடந்தான். மாதங்கியின் வீட்டு வழியாகத்தான் போனான். அவள் கதவைச் சாத்தினாள்.

மாலையில் அவனைப் பாலத்தருகே கண்டெடுத்தார்கள். கிழக்குத் தெரு வீடுகளுக்குள் முதியவர்களும் கைக்குழந்தைகளும் இறந்து கிடந்தார்கள். தையல்நாயகி குளியலறைத் தொட்டிக்குள் உட்கார்ந்து உயிர் தப்பியிருந்தாள். லாரியின் டயர் வழியில் வெடித்துவிட்டதாம். கிழக்குத் தெருவின் பொதுத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தார்கள். குற்றம் தண்ணீரில் இல்லை, மேலத் தெருக் கடையொன்றில் விற்ற ஐஸில் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஹமீதா முதலில் கேட்டது துடிப்புப் பதிவுகளைத்தான். கூட்டம் நடந்தபோதும், கதவைக் கழற்றியபோதும், சங்கு ஊதியபோதும் ஊர் முழுக்கப் பச்சை.

"கூட்டுத்துடிப்பு இல்லைன்னா சட்டப்படி இது கூட்ட வன்முறை இல்ல" என்றார் ஹமீதா. "லாரி தாமதத்தால வந்த வெப்ப விபத்து. அப்படின்னு நீங்க சான்று கொடுத்தா கோப்பை மூடலாம். கொடுக்க முடியாதுன்னா, வெறியில செய்யல, தெளிவாத் தெரிஞ்சு செஞ்சாங்கன்னு ஆகும். அது கொலை வழக்கு. தனித்தனியா ஒவ்வொருத்தர் மேலயும். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் நல்லசிவம் அவளை முகத்துக்கு நேராகப் பார்க்கவில்லை. "நீ ஒருத்தியா போன? ஊரே போச்சு. ஒரு அடி, ஒரு வசவு விழுந்துச்சா? விபத்துதான் மாதங்கி. பிள்ளையை நினைச்சுப் பாரு."

அவள் பிள்ளையை நினைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போனாள். தையல்நாயகியின் முகமும் கைகளும் வெந்து உரிந்திருந்தன. மாதங்கி கட்டிலருகே நின்றாள்.

தையல்நாயகிதான் பேசினாள். "எங்க மேல கோவமா இருந்தீங்களா அக்கா?"

"இல்ல தையல்."

"எனக்கும் தெரியும். உங்க முகத்தையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். காய்கறி வாங்கப் போற முகம். அதனாலதான் பயப்படாம இருந்தேன். கோவமா வந்திருந்தா விடியறதுக்குள்ள எங்கயாவது ஓடியிருப்போம்." சற்று மூச்சு வாங்கினாள். "அவரு உங்க வீட்டு வழியாத்தான் போயிருப்பாரு. ஆனா கதவைத் தட்டியிருக்க மாட்டாரு. அடுத்த வீட்டு வாசல்ல போய் நிக்கறதுன்னா அவருக்குக் கூச்சம்."

மாதங்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

விசாரணை அதே சமுதாயக்கூடத்தில் நடந்தது. சதாசிவம், நல்லசிவம், ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தையல்நாயகியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து பின்னால் நிறுத்தியிருந்தார்கள். ஹமீதா சான்றுத் தாளைக் கையெழுத்துக்கு நீட்டியபோது மாதங்கி அதை வாங்கவில்லை.

"விபத்து இல்லைங்க" என்றாள். "லாரி வரலைன்னு எனக்குத் தெரியும். கதவில்லாத வீட்டுல உச்சியில என்ன ஆகும்னும் தெரியும். இந்த ஊர்ல அது தெரியாத குழந்தைகூட இல்ல. எங்க யாருக்கும் வெறி பிடிக்கல. நான் தெளிவாத்தான் இருந்தேன்."

"சங்கு ஊதினப்ப அவங்களை வீட்டுக்குள்ள கூப்பிடணும்னு தோணலையா?" என்று கேட்டார் ஹமீதா.

"தோணுச்சு. வீட்டுல இடமும் இருந்துச்சு." அவள் குரல் இறங்கிவிட்டது. "முதல்ல வேற யாராவது கூப்பிடட்டும், அப்புறம் நாமளும் கூப்பிடலாம்னு சன்னல்லயே நின்னேன். யாரும் கூப்பிடல. சாத்திட்டேன்."

நல்லசிவம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். கூடத்தில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு முன்வரிசையில் இருந்த சதாசிவத்தின் மனைவி எழுந்தார். கணவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"நானும் அப்படித்தாங்க நின்னேன்" என்றார். "எதிர்வீட்டுல திறந்தா நானும் திறக்கலாம்னு."

எதிர்வீட்டுக்காரர் எழுந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அழ ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார்.

பின்னாலிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை. விடை சரிதானா என்று தனக்குத்தானே சரிபார்த்துக்கொள்கிறவள்போல் கேட்டாள்.

"அப்ப, ஒரே ஒருத்தர் திறந்திருந்தா போதுமா?"

ஹமீதா எழுதுவதை நிறுத்தினார். நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். அவளைத் திரும்பிப் பார்க்க மாதங்கிக்குத் துணிவில்லை.