நிற்காத மீட்டர் சக்கரம்

சந்திரகலாவுக்கு மீட்டர்மேல் ஒரே எரிச்சல். பின்னே என்ன? ஒரு வாரமாக ஃபேன் போடாமல், கொசுக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். மீட்டரோ முந்தின வாரத்தைவிட அதிகமாக ஓடியிருக்கிறது!

எல்லாம் அறிவியல் டீச்சர் கொடுத்த வேலை. "நமக்கு கரண்ட் வரணும்னா எங்கேயோ நிலக்கரி எரியுது. அந்தப் புகையாலதான் பூமி சூடாகுது. உங்க வீட்ல எவ்வளவு குறைக்க முடியும்னு பாருங்க," என்று ஆறாம் வகுப்பையே கிளப்பிவிட்டிருந்தார்.

மாடி வீட்டு லினெட்டும் அதே வகுப்பு. சந்திரகலாவின் உயிர்த்தோழி. அவள் வீட்டு மீட்டர் மட்டும் முந்தின வாரத்தைவிடக் குறைவாக ஓடியிருந்தது. இத்தனைக்கும் மாடிப்படி வாசலில் அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஸ்டார் தினமும் பளபளவென்று எரிகிறது. அதன் ஒயர் சந்திரகலா வீட்டு மீட்டரை உரசிக்கொண்டுதான் மேலே போகிறது. இது போதாதா சந்தேகம் வர?

அப்பா வீட்டிலிருந்த லைட், ஃபேன், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். சக்கரம் ஜோராகச் சுற்றியது.

"பாத்தியா? நம்ம லைன்ல கொக்கி போட்டிருக்காங்க. நாளைக்கே கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன்."

சந்திரகலா அவசரமாக யோசித்தாள். எழுதிக் கொடுத்தால் லினெட் ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். ஆனால் திருடியிருந்தால்?

"இருங்கப்பா. ஸ்டாரை அணைக்கச் சொல்லிப் பாத்துடலாம்."

அவள் கூப்பிட்டதும் லினெட் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஸ்டாரைக் கொஞ்சம் அணைக்கிறியா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

மீட்டரடியில் அப்பா முறைத்துக்கொண்டு நின்றார். லினெட்டின் முகம் சுருங்கிவிட்டது.

"எங்களையா சந்தேகப்படுறீங்க? அதுல இருக்கிறது குட்டி சிஎஃப்எல் பல்பு." படக்கென்று ஸ்டாரை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சக்கரம் நிற்கவில்லை.

"வேற எதையாவது மாட்டியிருப்பாங்க," என்றார் அப்பா, விடாமல்.

சந்திரகலாவுக்கு அழுகை முட்டியது. அங்கே நிற்கப் பிடிக்காமல் வீட்டுக்குள் போனாள். உள்ளே ஒரே இருட்டு. சமையலறையில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம், கூடவே 'உர்ர்' என்று சத்தம்.

ஃபிரிட்ஜ்! எப்போதும் ஓடுகிற பொருள், அதனால் யாருக்கும் அது ஞாபகமே வரவில்லை. கதவு சரியாக மூடாமல் விரல் இடைவெளியில் திறந்திருந்தது. உள்ளே இருந்த இட்லி மாவுக் குண்டானின் காது கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

சந்திரகலா சுவிட்சை அணைத்தாள்.

"நின்னுடுச்சு," என்று வெளியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

அம்மா வந்து பார்த்தார். "போன வாரம் நீங்க வாங்கியாந்த குண்டான்தான். சின்னது போதும்னேன், கேட்டீங்களா?"

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு குண்டானைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். சந்திரகலாவும் பின்னாலேயே போனாள்.

கதவைத் திறந்த லினெட்டின் அப்பா பிரான்சுவா, குண்டானைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது எதுக்கு?"

"மாவு... கொஞ்சம் அதிகமா இருக்கு," என்று அப்பா முணுமுணுத்தார்.

"எங்க ஃபிரிட்ஜ்தான் கரண்டைக் குடிச்சிருக்கு மாமா," என்றாள் சந்திரகலா. "லினெட், உன்னைப் போய் சந்தேகப்பட்டேன். தப்புதான்."

லினெட் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சரி, ஸ்டாரைப் போடவா?"

"போடு. தூங்கப் போறப்ப மறக்காம அணைச்சுடு."

"இன்னும் சந்தேகமா?"

"உன் மேல இல்ல. இனிமே எங்கப்பா மேலதான்."

லினெட் சிரித்துவிட்டாள்.