மேல் அச்சு

பிரிண்டரிலிருந்து வெளியே வந்த தாளில் அவள் முகத்தில், இடது புருவத்துக்குச் சற்று மேலே, ஒரு மச்சம் இருந்தது. அவளுக்கு அங்கே மச்சம் கிடையாது. மை தெறித்திருக்கும் என்று சுண்டுவிரலால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

மாடியில் வீடு, கீழே அச்சகம். ஆட்களெல்லாம் போய்விட்ட சாயங்காலம், தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது, மை வாடையும் ஈரம் குடித்த காகித வாடையும் அறைக்குள் அப்பிக்கிடந்தன. வாடிக்கையாளர்களுக்கு வருடாவருடம் கொடுக்கும் காலண்டருக்கான படத்தை அவள் கம்ப்யூட்டரில் தயார்செய்துகொண்டிருந்தாள். காலண்டரின் தலைப்பில் எப்போதும் முதலாளியின் குடும்பப் படம். முதலாளி அவள் கணவர். படத்தில் அவர், அவர் மகள் குட்டி, நடுவில் செத்துப்போன மூத்த தாரம்.

புதுப் படம் எடுக்கலாமே என்று அவள் முன்பே கேட்டிருந்தாள்.

"எதுக்கு? இதுல குட்டி சிரிச்சிட்டிருக்கா. இப்ப எடுத்தா உம்முனு நிப்பா. நீ உன் போட்டோவ மூத்தவ மேல வச்சிடு, சரியாயிடும்" என்றார்.

மனுஷர் பழைய பெட்டியில் புது விலைச்சீட்டு ஒட்டுகிற மாதிரிதான் அவளைக் கட்டிக்கொண்டு வந்தார். அதைக்கூட விழுங்கிவிடலாம். விழுங்க முடியாதது குட்டிதான். ஊட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, காய்ச்சலில் கண்விழித்துப் பார்த்தும், அந்த ஏழு வயது வாயிலிருந்து 'அம்மா' வரவில்லை. 'சித்தி'கூட வரவில்லை. 'இங்க பாருங்க' என்றுதான் கூப்பிடும். 'அம்மா' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

"படம் சரியா வரலைங்க" என்று மாடிப்படிப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஓவர்பிரிண்ட்னு டிக் ஆகியிருக்கும், பாரு."

சாதாரணமாக ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்தால் கம்ப்யூட்டர் அடியில் இருப்பதை வெட்டி எடுத்து இடம் கொடுக்கும். ஓவர்பிரிண்ட் என்று குறி போட்டுவிட்டால் வெட்டாது. அடியில் இருப்பது அப்படியே அச்சாகும், அதன் மேலேயே இதுவும் ஏறும், இரண்டும் கலந்து தெரியும். இந்த வீட்டிலும் அவளுக்காக யாரும் எதையும் வெட்டி இடம் கொடுக்கவில்லை. மூத்தவளின் துணிகளுக்கு மேலேதான் அவள் துணிகளை அடுக்கியிருந்தாள்.

குறி எதுவும் இல்லை. திரையில் அவள் முகம் சுத்தமாக இருந்தது. மறுபடி அனுப்பினாள். உருளைகள் தாளை இழுக்கிற சத்தம் இந்தத் தடவை மெதுவாக, யாரோ தொண்டையைச் செருமுவது மாதிரி கேட்டது.

மூக்கு அவளுடையது, உதடு அவளுடையது. கண்கள் மட்டும் அவளுடையவை இல்லை. அவள் கேமராவைப் பார்த்து எடுத்துக்கொண்ட படம் அது. தாளில் இருந்த கண்கள் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மூத்தவளை ஃபைலிலிருந்தே அழித்தாள். திரையில் கணவருக்கும் குட்டிக்கும் நடுவே ஓர் ஆள் அளவுக்கு வெள்ளையாக ஓட்டை விழுந்தது. அதில் தன்னை வைத்து அனுப்பினாள்.

உருளை சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

தாளில் மூத்தவள். முழுசாக, புருவத்து மச்சத்தோடு.

தன்னைத் தேடினாள். விளக்கடியில் பிடித்துத் தேடினாள். மூத்தவளின் கன்னத்துக்கு அடியில் மங்கலாக ஏதோ தெரிந்தது. அது அவள்தான்.

தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் படியேறினாள். எதிரே கணவர் இறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

மேலே குட்டி தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தது. பென்சில் உருண்டது. அந்தப் படத்தில் இருந்த அதே சிரிப்பு.

"அம்மா."

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. குட்டி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"இவ்ளோ நாளா எங்கம்மா போயிருந்த?"

நான் உன் அம்மா இல்லைடா என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் திறந்தது.

"எங்கயும் போகலடா கண்ணு" என்றது, அவளுடையதல்லாத குரலில். "அடியிலதான் இருந்தேன்."

குட்டியின் கை கன்னத்தில் பட்டது. அவளுக்கு அது ஒரு தாளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பட்டது.

அவள் கத்தினாள். வாய் குழந்தைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.