உள்ளே படுத்திருப்பது

மதியம் சமையலறையில் மின்சாரக் குக்கரின் பொத்தான் 'டக்'கென்று மேலே எழும்பியது. சோறு வெந்தால் வரும் சத்தம். படுக்கையில் கிடந்த யாவ்-திங் கண்ணைத் திறந்தான். வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. அக்கா சியூ-யுன் காலையிலேயே மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அவன் எழுந்து அரிசி களைந்து வைக்கவும் இல்லை.

கீலூங் நகரில் மழை விடாத மாதம் அது. துறைமுகத்திலிருந்து கப்பல்களின் ஊதல் நனைந்து கனத்து மேலே வரும். கூடத்தில் காயப்போட்ட துணிகள் காயாமலேயே பூசணம் மணக்கும். சுவரில் வியர்வை மாதிரி நீர் கோத்து மெதுவாக இறங்கும். இதையெல்லாம் அவன் இலையுதிர் காலத்திலிருந்து படுத்தபடியே கேட்டும் முகர்ந்தும் வந்தான். டியூஷன் சென்டரில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவனுக்கு, ஒருநாள் கரும்பலகையில் ஆறு ஒன்றை வரையும்போது பாதியில் கை நின்றுவிட்டது. இந்த ஆறு கடலுக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? எதுக்கு? அழுகைகூட வரவில்லை. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தான்.

"இன்னிக்காவது எந்திரிடா. குளி. உன் நாத்தம் மாடிப்படி வரைக்கும் வருது," என்பாள் அக்கா, கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு.

"எந்திரிச்சு என்ன பண்ண?"

"நான் மட்டும் என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்டா தினம் போறேன்? பஸ் வருது, ஏறுறேன். அவ்வளவுதான்."

குக்கர் சத்தம் கேட்ட அன்று மாலை அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "சோறு வெச்சியா? குழையாம நல்லாத்தான் வெச்சிருக்க." எத்தனையோ மாதமாகக் கேட்காத கனிவு. நான் வைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் விளக்க வேண்டும். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

"ம்," என்றான்.

அதற்குப் பிறகு, அக்கா இல்லாத பகல்களில், வீடு ஓசையில்லாமல் இருந்ததே இல்லை. கூடத்தைப் பெருக்கும் சத்தம், துணியைப் பிழிந்து உதறும் சத்தம், ஜன்னலைத் திறந்து மழை வாசனையை உள்ளே விடும் சத்தம், இவற்றுக்கெல்லாம் நடுவே இடது காலைச் சற்றே இழுத்து நடக்கும் செருப்பொலி. அவனுடைய செருப்பு. அவனுடைய நடை.

ஒருமுறை அது அவன் அறைக்கு வெளியே வந்து நின்றது. கதவின் கீழ் இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல். தட்டவில்லை. படுத்திருப்பவன் எழுந்திருக்க மாட்டான் என்று உறுதி செய்துகொள்வதுபோல் வெகுநேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

அக்கா கதவருகே வருவது குறைந்தது. பிறகு தட்டும் வரவில்லை. அவனுக்குப் பசிக்கவும் இல்லை. அதுதான் முதலில் பயமுறுத்தியது.

குளிர் விடத் தொடங்கிய ஒரு மாலை, சமையலறையில் இஞ்சி வதங்கும் வாசனை வந்தது. நல்லெண்ணெயில் கோழி வேகும் வாசனை. அவனுக்கு அதில் ஒரு வாய் வேண்டும்போல் இருந்தது. எதுக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சூடாக ஒரு வாய். அது போதும், எழுந்துவிடலாம் என்று பட்டது.

கையை ஊன்றினான். கை ஊன்றவில்லை.

வெளியே அக்கா பேசினாள். "டியூஷன் சென்டர்க்காரர் கடைக்கு வந்திருந்தார். திரும்ப வரேன்னு சொன்னியாமே?"

"திங்கக்கிழமையிலருந்து போறேன்க்கா."

அவன் குரல். அவனுடையதேதான்.

"அது போயிடுச்சாடா? எதுக்கு, எதுக்குன்னு கேட்டுக்கிட்டே கெடந்தியே."

கிண்ணத்தில் கரண்டி தட்டியது.

"போகலக்கா. உள்ள படுத்திருக்கு."

அக்கா சிரித்தாள். "கெடக்கட்டும் விடு. நீ சாப்பிடு. இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்க."

அக்கா என்று கூப்பிட்டான். வாய் அசைந்தது. காற்றுகூட வரவில்லை. மறுபடி. அக்கா. நான் இங்கே. எந்திரிக்கிறேன். இப்பவே எந்திரிக்கிறேன்.

கால் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

கதவு திறந்தது. கூடத்து விளக்கு அவன் முகத்தில் விழுந்தது. சியூ-யுன் உள்ளே வந்தாள். நேராக அவனைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"இந்த ரூம் சும்மாதானே கெடக்கு. குளிருக்கு எடுத்த பஞ்சுப் போர்வையெல்லாம் இங்கயே போட்டுடலாம்."

ஒன்றைக் கொண்டுவந்து அவன் கால்மேல் போட்டாள். தட்டிச் சரிசெய்தாள். இன்னொன்று வயிற்றில். இன்னொன்று நெஞ்சில். கனம். அவள் விரல் அவன் தாடையில் பட்டது. நிற்கவில்லை.

அறை வாசற்படியில் இன்னொரு அவன் நின்றிருந்தான். குளித்து, தலை சீவி, கன்னத்தில் நிறம் ஏறி. படுத்திருந்தவனின் கண்ணையே பார்த்துக்கொண்டு, கையிலிருந்த கடைசிப் போர்வையை அக்காவிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கி, விரித்து, முகத்தின்மேல் இறக்கினாள்.