நாலாயிரம் இடது தோள்கள்

மூன்றாம் நாள் வகுப்புக்குப் பழக்கப்பட்டை தேவையில்லை. முதல் இரண்டு நாள் அதைப் பிடரியில் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் கிடந்தால் போதும். அதில் பதிந்திருக்கும் இன்னொருவரின் உடற்பழக்கம் நரம்புகளில் ஏறித் தங்கிவிடும். அன்று காலை பதின்மூன்று மாணவர்கள் வெறும் பிடரியோடு ஆழப்பகுதியில் நீந்திக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமைவரை தண்ணீரைக் கண்டு நடுங்கியவர்கள். பதின்மூன்று வலது கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்து ஒரே கோணத்தில் இறங்கின.

உயரமான நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளின் நீச்சல் அது.

ஐந்து கல்லூரிகள் இருக்கும் மணற்கோட்டையில் நகராட்சி பொழுதுபோக்கு வளாகத்துக்கு அந்தப் பட்டைகள் வந்தபோது, ஒரு தேசிய வீரரின் பதிவைத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆம்பிளை உடம்பின் பழக்கத்தை எங்கள் பெண்பிள்ளைகள் மேல் ஏற்றக் கூடாது என்று மனு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊரில் பதக்கம் வாங்கிய ஒரே நீச்சல்காரி இசக்கியம்மாள். அவள் நீச்சலைப் பதிவெடுத்தார்கள். இரண்டு பதிவுகளுக்கு அனுமதி கிடைக்காததால், ஆண்பிள்ளைகளுக்கும் அவள் உடம்பையே கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் நாலாயிரம் பேர்.

ஆறேகால் மணிக்கு ஜெனிலா என்ற முதலாமாண்டு மாணவிக்கு ஆழப்பகுதியின் நடுவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "அக்கா" என்றாள் ஒரே ஒருமுறை. அடுத்தது தண்ணீரை விழுங்கும் சத்தம்.

மற்றப் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். பன்னிரண்டு இடது தோள்கள் ஒன்றாகத் தாழ்ந்தன. பன்னிரண்டு உடல்கள் ஒன்றாகத் திரும்பி, நேராகச் சுவருக்கு வந்து மேலே ஏறின. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இசக்கியம்மாள் நாற்காலியிலிருந்து எப்போது இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

"கம்பைப் பிடி தாயி. விட்டுராத, பிடி."

குளம் கழுவும் மிக்கேலின் குரல். இலை அள்ளும் வலைக்கம்பை நீட்டி, வயிற்றை விளிம்பில் அழுத்திப் படுத்திருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஜெனிலாவைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டார். இருமினாள். மூச்சு வந்தது.

ஈரத்தோடு நின்ற ஒரு மாணவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பக்கத்துலதான் இருந்தேன். கையை நீட்டினா எட்டியிருக்கும். ஏன் வந்தேன்னு தெரியல."

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள்.

மிக்கேல் இசக்கியம்மாளிடம் வந்தார். "மீன்கூட்டம் திரும்புன மாதிரில்லா திரும்புதுவ. நீ என்னத்தப் பாத்துட்டு நின்ன?"

அவள் கம்பியை விடவில்லை. விட்டால் கால் தன்னை எங்கே கொண்டுபோகும் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வளாகத்துக்கு விடுமுறை. பதிவுப் பொறியாளர் ஹஸீனா சென்னையிலிருந்து வந்து, அசல் பதிவைத் தன் திரையில் ஓட்டிக்காட்டினாள். பதிவெடுத்த இரண்டாம் நாள், பக்கத்துத் தடத்தில் யாரோ தண்ணீரைக் குடித்துத் திணறியிருக்கிறார்கள். அந்த நொடியில் இசக்கியம்மாளின் இடது தோள் சுவர்ப்பக்கமாகத் தாழ்ந்திருந்தது.

"இதை நாங்க கவனிக்கவே இல்லக்கா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். தோள் தாழ்ந்ததை அன்றைக்கே உணர்ந்தாள். இவ்வளவு சின்னது எதிலாவது பதியுமா என்று இருந்துவிட்டாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொன்னால், ஏன் என்று கேட்பார்களே.

இப்போது சொன்னாள். பதினோரு வயதில் அவளும் பக்கத்து வீட்டு முத்துமாரியும் கால்வாயில் குளித்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது தலை பின்னிவிடும்போது அம்மா சொல்லுவாள்: யாரும் முங்குனா கிட்டப் போகாத, உன்னையும் சேத்து இழுத்துரும், கரைக்கு ஓடிரு. முத்துமாரி முங்கினாள். இசக்கி கரைக்கு ஓடினாள். சாயங்காலம் தெருவே அவளைப் பார்த்துப் புத்தியுள்ள பிள்ளை என்றது. வைதிருந்தால் தாங்கியிருக்கலாம். மறு மாதமே நீச்சல் படிக்கப் போனாள். தோளில் ஒரு சின்னத் தாழ்வு மிஞ்சினாலும், இருபத்தைந்து வருடமாக நீந்தி நீந்தி அந்தத் திரும்பலைக் கரைத்துவிட்டதாக நினைத்திருந்தாள். காவலுக்கு இருந்த இத்தனை நாளில் யாரும் மூழ்கவில்லை. அதனால் தெரியாமலே போயிற்று.

"இந்தப் பதிவை அழிச்சிருங்க மேடம்."

"அழிச்சிடலாம். ஆனா ஏற்கெனவே ஏறின நாலாயிரம் பேர்கிட்ட இருந்து எடுக்க முடியாது. மேல புதுசா ஒண்ணை ஏத்தலாம். அதுவும் உங்க உடம்புல இருந்து வந்தாதான் ஒட்டும்."

பட்டையை இசக்கியம்மாளின் பிடரியில் மாட்டிவிட்டு ஹஸீனாவே ஆழப்பகுதியில் இறங்கி மூழ்குவதுபோல் கைகளை அடித்தாள். இசக்கியம்மாள் நேராக நீந்திப்போய்த் தூக்கினாள். நான்கு முறை. தோள் தாழவே இல்லை. கரையேறித் திரையைப் பார்த்த ஹஸீனா உதட்டைக் கடித்தாள்.

"ஒண்ணும் பதியலக்கா. சும்மா நீந்தினதாதான் காட்டுது. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்க உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்ப?" என்றாள் பட்டையைக் கழற்றாமல் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்த இசக்கியம்மாள்.

"அப்ப ஒண்ணுமில்ல. நிஜமா யாராவது மூழ்கணும். அதைச் செய்ய முடியாது."

விளிம்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மிக்கேல் சட்டைப்பையிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

"எம்மவளும் உன் பட்டையப் போட்டுத்தான் நீச்சல் படிச்சா. இப்பத் தோணித்துறையில வேல. தெனமும் ரெண்டு பிள்ளையளத் தோணியில ஏத்திப் பள்ளிக்கொடத்துக்குக் கூட்டிட்டுப் போறா."

"அண்ணாச்சி, வேண்டாம்."

"நீ வருவேல்லா?"

அவள் பதில் சொல்வதற்குள், படியில் இறங்குவதுபோலக் காலை எடுத்து வைத்தார். அங்கே படி இல்லை.

தண்ணீர் அவரை மூடியது. வேட்டி மட்டும் வெள்ளையாக விரிந்தது. ஒரு கை மேலே வந்து, காற்றைப் பிடிக்கப் பார்த்து, கீழே போனது. ஹஸீனா வலைக்கம்பைத் தேடி ஓடினாள்.

இசக்கியம்மாளின் இடது தோள் தாழ்ந்தது.

அதைத் தடுக்க அவளால் முடியவில்லை. முகம் சுவரை நோக்கித் திரும்பிவிட்டது. கால்கள் உதைத்துவிட்டன. சுவர் அருகில் வந்தது. ஈரமான ஓடுகள், நீலக் கோடு, கையெட்டும் தூரம். பின்னால் குமிழிகள் உடையும் சத்தம் கேட்டது. நிற்க முயன்றாள், உடம்பு நிற்கவில்லை. திரும்பிக்கொண்டே இருக்கிறதே, திரும்பட்டும் என்று இடது தோளை இன்னும் அழுத்தினாள். சுவர் கண்ணைவிட்டு விலகியது. வாசல் விலகியது. முழுச்சுற்று சுற்றி முடித்தபோது எதிரே வெள்ளை வேட்டி இருந்தது.

கரையில் மிக்கேல் வெகுநேரம் வாந்தியெடுத்தார். "என்னட்டி, வந்தியே. எங்க சுத்திட்டு வந்த?" என்றார் கடைசியில், கண்ணைத் திறக்காமலே.

இசக்கியம்மாள் பிடரியிலிருந்து பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். ஹஸீனா திரையைப் பார்த்தாள்.

"பதிஞ்சிருக்குக்கா. நல்லாவே பதிஞ்சிருக்கு. ஆனா முதல்ல திரும்புறதும் சேர்ந்து வந்திருக்கு. மூணு விநாடி வீணாகுது. அதை மட்டும் வெட்டி எடுத்துட்டு ஏத்தட்டுமா?"

மூன்று விநாடியில் ஒருவர் எவ்வளவு ஆழம் போவார் என்று இசக்கியம்மாளுக்கு இப்போது தெரியும். சரி என்று சொல்ல வாயெடுத்தாள். தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மாணவன் நினைவுக்கு வந்தான்.

"வேண்டாம், இருக்கட்டும். அந்தப் பிள்ளையள் எல்லாம் மொதல்ல சுவத்தப் பாத்துத்தான் திரும்பும். வெட்டிட்டா, அங்கன இருந்து எப்பிடி வரணும்னு அதுகளுக்குத் தெரியாது."