பின்னால் பார்க்கும் சீட்டு

தண்டபாணி மாமா கார் ஓட்டினார். பக்கத்தில் ஷாலு அத்தை. பின்சீட்டில் ஒரு ஜன்னலோரம் குழந்தை பாரி, மறு ஜன்னலோரம் மதி. நடுவில் பைகளும் ஒரு லட்டு டப்பாவும்.

மதியின் அம்மாவும் அப்பாவும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் திருவொற்றியூரில் அத்தை வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அத்தை நல்லவள்தான். ஆனால் வீட்டில் எந்நேரமும் பாரியைப் பற்றித்தான் பேச்சு. மதியிடம் "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்பார்கள்.

பாரிக்கு எட்டு மாதம். அவனுக்காக மாமா குழந்தை சீட்டு வாங்கிப் பொருத்தியிருந்தார். அதில் உட்கார்ந்தால் முகம் காரின் பின்பக்கம் பார்த்திருக்கும். தோளிலும் இடுப்பிலும் வார் போட்டிருந்தது. இன்றுதான் அவன் அதில் முதன்முதலாகப் போகிறான். அத்திப்பட்டில் ஒரு காதுகுத்து.

எர்ணாவூர் தாண்டியதும் பாரி அழத் தொடங்கினான். சுற்றிலும் கன்டெய்னர் லாரிகள். கார் நகர்ந்து நகர்ந்து நின்றது.

"ஓரமா நிறுத்துய்யா. நான் மடியில வெச்சிகினு வர்றேன்" என்றாள் அத்தை.

"வோணாம் ஷாலு. லாரி எப்டி வருது பாத்தல்ல?"

"நாம எல்லாம் மடியில வளந்தவங்கதான?"

"நீ வளந்தப்ப உங்க வூட்ல காரா இருந்திச்சு?"

அத்தை முறைத்தாள். பாரியின் அழுகை இன்னும் ஏறியது. மாமா பெருமூச்சு விட்டு, ஓரமாகப் போக இடம் தேடினார்.

மதி பாரியைப் பார்த்தாள். அவன் கண்ணுக்கு எதிரே பின்சீட்டின் முதுகு. அதற்கு மேலே பின்கண்ணாடியில் ஒரு லாரி. ஒரு முகம்கூட இல்லை. அம்மாவின் குரல் மட்டும் எங்கிருந்தோ வருகிறது.

மதிக்கும் அப்படித்தான். அம்மாவின் குரல் போனில் மட்டும் வரும்.

"அத்தை, அவன எடுக்காதீங்க" என்றாள். "அவனுக்கு யார் மூஞ்சியும் தெரியல. அதான் அழுவுறான்."

கார் நின்றிருந்தபோதே மதி லட்டு டப்பாவை எடுத்து முன்னால் அத்தையின் மடியில் வைத்தாள். பைகளைக் கீழே தள்ளினாள். நடுவில் நகர்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, பாரிக்கு முகம் தெரியும்படி சாய்ந்தாள். பாரி விக்கியபடி அவளைப் பார்த்தான்.

கார் கிளம்பி வேகம் எடுத்தது. திடீரென ஒரு லாரி குறுக்கே திரும்பியது. மாமா பிரேக்கை அழுத்தினார்.

அத்தையின் மடியிலிருந்த டப்பா பறந்துபோய் முன்னால் மோதியது. லட்டுகள் உடைந்து சிதறின. பாரி சீட்டோடு ஒருமுறை குலுங்கினான், அவ்வளவுதான்.

அத்தை தன் காலி மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சீட்லயே இருக்கட்டும்" என்றாள் மெதுவாக.

மறுபடியும் பாரியின் உதடு பிதுங்கியது. மதி அவசரமாகப் பேச ஆரம்பித்தாள். என்ன பேசுவது? யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னாள். புதுப் பள்ளிக்கூடத்தில் தன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்றாள். மத்தியானம் சாப்பிடும்போது ஒரு வெள்ளை நாய் மட்டும் வரும், முட்டை கொடுத்தால் மஞ்சள் கருவைத் துப்பிவிடும் என்றாள். அம்மா போனை வைத்த பிறகும் தான் கொஞ்ச நேரம் பேசுவதையும் சொன்னாள்.

பாரி அவள் விரலைப் பிடித்தபடி தூங்கிப்போனான். மதி நிறுத்தினாள்.

"இன்னா மதி, நிறுத்திட்ட?" அத்தை பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"பாரி தூங்கிட்டான் அத்தை."

"அவன் தூங்குனா இன்னா? நாங்க முழிச்சிகினுதான கீறோம். நீ சொல்லு."

மதி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.